வருமொழி முதல்

இரவு இரண்டிலிருந்து நாலு வரைதான்
இயந்திரம் அவளுக்கு.
தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து,
மீன்பிடிக்கத் துளைத்த ஓட்டைகளில்
மறுபடி மெல்லிய தோல்.
ஹெல்வே பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு
உள்ளே வருகிறாள். கக்கத்தில் ஒரு சுருள்
சுவர்க்காகிதம், பூப்போட்ட பக்கம் உள்ளே.
வெள்ளைப் பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நிலைகள்,
அம்புகள், மூன்று நிறப் பென்சில்.

பால்பண்ணைகள் தினக்கணக்கு எழுத
ஒரு சின்ன மொழி.
அதன் இலக்கணத்தைக் கொடுத்தால்
அதைப் படிக்கத் தெரிந்த நிரலை எழுதித்தரும்
இன்னொரு நிரல்.
இவள் எழுதுவது அந்த இன்னொன்றை.
"பசுவை நேராகவே எண்ணிவிடலாமே" என்றார்
பண்ணை மேலாளர்.

கேள்வி ஒன்றுதான்.
கையிலிருக்கும் சொற்களை இங்கேயே முடிந்து
ஒரு பெயர் சூட்டிவிடலாமா,
இன்னும் ஒன்றை வாங்கிச் சேர்க்கலாமா?
அடுத்து நிற்பதை எட்டிப்பார்க்கலாம்.
தொடக்கூடாது.

நமக்கு இது புதிதில்லை.
"அந்த" என்றதும் நம் வாய்
வருவது பூவா மரமா என்று பார்த்துத்தானே
ஒரு ப் போடுகிறது, அல்லது சும்மா இருக்கிறது.
நிலைமொழி, வருமொழி.
ஹெல்வேக்குத் தமிழ் தெரியாது.
அவள் மொழியிலோ
எதிர்காலத்துக்கென்று வினைவடிவமே கிடையாது.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பை:
இதற்குப் பின்னால் எதெல்லாம் வரக்கூடும்.
முதல் நிலையின் பையில்
முதன்முதலாகப் போடுவது முடிவுக்குறி.
ஒரு சொல்லும் வாசிக்கவில்லை, அதற்குள் முடிவு.
அது அங்கிருந்து அம்பு அம்பாக வழிந்து
யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்கிறது.
வெறுமையாக இருக்க அனுமதி பெற்ற விதிகள்தான் தொல்லை.
"குறிப்பு" என்ற இடத்தைக் காலியாக விடலாம்.
விட்டால், வாசலிலிருந்தே
கொல்லைக்கதவு வழியாகப் பின்தெரு தெரிகிறது,
அங்கே போகிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிலை 118.
காற்புள்ளி வந்தால் இரண்டு விதிகள்
ஒரே நேரத்தில் கை தூக்குகின்றன.
மூன்று மாலைகள், சமையலறைத் தரையில் முழந்தாளிட்டு,
அந்தக் காற்புள்ளி எங்கிருந்து வந்தது என்று
சிவப்புப் பென்சிலால் பின்னோக்கிப் போனாள்.
உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.
அது இரண்டு நிலையாக இருந்தது ஒரு காலத்தில்.
ஒன்று விலைப்பட்டியல் வழியாக வந்தது,
மற்றது கன்று ஈன்ற கணக்கின் வழியாக.
உள்ளே அதே விதிகள், அதே இடத்தில் புள்ளி.
நினைவகம் போதவில்லை என்று நவம்பரில்
ஒன்றாக்கியது அவளே.
வந்த வழியை மறந்தவற்றின்
நாளைகள் ஒரே பைக்குள் விழுந்து
சண்டையிடுகின்றன.

"பிரித்தால் இடம் போகும்" என்கிறான் ராய்வோ,
நாடாச்சுருளை மாட்டியபடி.
"எவ்வளவு?"
"நாற்பது சொல்."
"போகட்டும்."

அச்சுப்பொறி ஒவ்வொரு சுற்றுக்கும்
எத்தனை பை மாறியது என்று அடிக்கிறது.
212.
61.
9.
9. ராய்வோ முகம் சுளிக்கிறான்.
1.
இனி ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும்.
இயந்திரத்துக்குத் தெரியாது.
ஒன்றும் மாறவில்லை என்பதை அறிய
அதற்கு இன்னொரு முழுச் சுற்று வேண்டும்,
எல்லா அம்பிலும், முதலிலிருந்து, ஏழு நிமிடம்.
அவள் ஜன்னலில் மூச்சுவிட்டு
ஒரு காற்புள்ளி வரைகிறாள்.
0.

மூன்று ஐம்பது. மோதல் பட்டியல் காலி.
ராய்வோ அதைக் கிழித்து, மடித்து,
அவள் கோட்டுப் பையில் வைக்கிறான்.
கையை எடுக்கச் சற்றுத் தாமதிக்கிறான்.
"நாளைக்கும் இதே நேரமா?"
வேலை முடிந்துவிட்டது. நாளை வர
ஒரு காரணமும் இல்லை.

பூட்ஸின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே
"வருகிறேன்" என்கிறாள்,
இருக்கிற ஒரே வடிவத்தில்.
அடுத்த சொல்லை அவன் எட்டிப்பார்க்கிறான்.